‘ஆன் தி கார்னர்’, ‘டுட்டு’: டிரம்பெட் எங்கே நிற்கிறது?

டிரம்பெட்டும் மின்னணு ஒலிகளும் ஃபங்க் (ஆடவைக்கும் கறுப்பின அமெரிக்க நடன இசை) தாளமும் கலந்த ஜாஸ் ஆல்பம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பேச்சு எப்படியும் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸில் போய் நிற்கும். அவருடைய எந்த ஆல்பம் என்பதில்தான் ரசிகர்கள் இரண்டு கட்சி. 1972-இல் கொலம்பியா இசை நிறுவனம் வெளியிட்ட ‘ஆன் தி கார்னர்’ ஒரு பக்கம். 1986-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘டுட்டு’ மறுபக்கம். நான் முதல் கட்சி. அதற்காக இரண்டாவதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரைத் தாங்கிய ஆல்பம் ‘டுட்டு’. பெரும்பாலான பாடல்களை எழுதியவர் மார்கஸ் மில்லர். பேஸ் கிட்டார், பேஸ் கிளாரினெட், மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் எனப் பல கருவிகளைத் தானே வாசித்து ஒலிநாடாவைத் தயார் செய்துவைத்தார். மைல்ஸ் அதன்மேல் டிரம்பெட் வாசித்தார். தலைப்புப் பாடலின் தொடக்கத்தில், ஒரு ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஒரே அடியாக இறங்குவதைப் போல சிந்தசைசர் அதிரும். பிறகு ஹார்மன் மியூட் (ஒலியை அடக்க வாயில் செருகும் உலோக அடைப்பு) பொருத்திய டிரம்பெட் வரும். மெலிந்த, தகரம் உரசியதைப் போன்ற குரல். இரண்டு மூன்று சுரங்களை வாசித்துவிட்டு நிறுத்திவிடுவார். அந்த நிறுத்தத்தில் இருக்கும் சோகத்தையும் கம்பீரத்தையும் அறுபது வயதைத் தொட்ட ஒரு கலைஞரால்தான் கொடுக்க முடியும். அந்த வாசிப்புக்குக் கிராமி விருது கிடைத்ததில் வியப்பில்லை.

என் குறை அங்கேதான் தொடங்குகிறது. அவர் நிறுத்தும்போது பின்னணி அதைக் கவனிப்பதில்லை. நாடா ஏற்கெனவே பதிவாகி முடிந்துவிட்டது. டிரம் மெஷின் தன் வழியில் அடித்துக்கொண்டே போகிறது. டிரம்பெட் மேலே, மின்னணு ஒலி கீழே. இரண்டும் அழகு, ஆனால் ஒன்றையொன்று மாற்றுவதில்லை. தாள ஒலிகளில் எண்பதுகளின் முத்திரையும் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

‘ஆன் தி கார்னர்’ இதற்கு நேர் எதிர். முதல் பாடலுக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் வாசிப்பின் நடுவே கதவைத் திறந்துவிட்டதைப் போல இசை பாய்கிறது. இருபது நிமிடத்துக்கு நிற்பதில்லை. அடித்தளம் மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸ் கிட்டார். ஸ்டீவி வொண்டரின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவரை மைல்ஸ் தன்னிடம் அழைத்துக்கொண்டார். ஹெண்டர்சன் ஒரே சுரக்கோவையைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதைச் சுற்றி டிரம்ஸ், பாதல் ராயின் தபலா, சித்தார், பல கீபோர்டுகள் என எல்லாம் மோதுகின்றன. டிரம்பெட் எங்கே? முதல் முறை கேட்பவர்கள் பலர் இப்படித்தான் திகைக்கிறார்கள். மைல்ஸ் அதை மின்சாரத்தில் இணைத்து வா-வா பெடல் (ஒலியை ‘வா-வா’ என்று வளைக்கும், காலால் இயக்கும் கருவி) வழியாக விட்டிருக்கிறார். அது பாடுவதில்லை, வெட்டுகிறது. பல இடங்களில் கிட்டாரா டிரம்பெட்டா என்று பிரித்தறியவே முடியாது.

‘பிளாக் சாட்டின்’ என்ற பாடலைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். கைதட்டல்கள் தாளத்தில் நேராக விழாமல் இடறி இடறி விழுகின்றன, ஊடே மணியோசை. அதன்மேல் டிரம்பெட் ஒரு குட்டி மெட்டைச் சீழ்க்கை அடிப்பதைப் போல வாசிக்கிறது. ஒரு கணம் அது தாளக்கருவி, மறுகணம் குரல். கலவை என்ற சொல்லுக்கு நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனின் தாளத்தையும் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மின்னணு இசைச் சிந்தனையையும் ஒரே இடத்தில் சேர்க்க மைல்ஸ் முயன்றார். தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டியதும் அந்த முயற்சியின் ஒரு பகுதிதான். அன்றைய ஜாஸ் விமர்சகர்கள் பலர் ஆல்பத்தைக் கடுமையாகச் சாடினார்கள். உறையில் வாசித்தவர்களின் பெயர்கூட அச்சிடப்படவில்லை. இத்தனை அரிய கலைஞர்களுக்கு அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஹிப்-ஹாப் தலைமுறை வந்த பிறகுதான் இந்த ஆல்பத்தின் மதிப்பு உயர்ந்தது.

மூன்றாவதாக மைல்ஸின் ‘டூ-பாப்’ ஆல்பத்தைச் சிலர் முன்வைப்பார்கள். 1991-இல் மைல்ஸ் மறைந்தபோது வேலை முடியவில்லை. பழைய டிரம்பெட் பதிவுகளைச் சேர்த்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஈசி மோ பீ அதை நிறைவுசெய்ய, மறு ஆண்டு வெளிவந்தது. ஒட்டு தெரிகிறது; இந்தப் போட்டியில் அதை நான் சேர்ப்பதில்லை.

டிரம்பெட்டின் நாதத்துக்காகவே வருபவர்கள் ‘டுட்டு’வில் தொடங்கலாம், அதில் உள்ள ‘போர்ஷியா’ பாடல் ஒன்றே அவர்களைக் கட்டிப்போட்டுவிடும். டிரம்பெட்டையும் மின்னணு ஃபங்க்கையும் பிரிக்க முடியாத ஒரே பொருளாகக் கேட்க விரும்புபவர்கள் ‘பிளாக் சாட்டின்’ பாடலை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு அந்த இருபது நிமிடப் பாடலுக்குப் போகட்டும். சிறிய ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம். ஹெண்டர்சனின் பேஸ் கேட்காவிட்டால் இந்த ஆல்பத்தில் பாதி போய்விடும்.