எண்ட்டில் தீவு தாண்ட பேர்லா, பாலமா?

மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் எண்ட் உலகத்தில் தீவு விட்டுத் தீவு போக, எறிந்த இடத்துக்கே நம்மைக் கொண்டுபோகும் எண்டர் பேர்லா, பிளாக் அடுக்கிப் போடும் பாலமா என்பதுதான் சண்டை. போன மாதம் வரை நானும் பேர்ல் கட்சிதான். இப்போது பாலம் கட்சிக்குத் தாவிவிட்டேன். மைன்கிராஃப்டில் டிராகனை அடித்துச் சாய்த்துவிட்டு, அடுத்து வெளித்தீவுகளுக்குப் போய் எலிட்ரா என்ற பறக்கும் இறக்கையை எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு முழு நெதரைட் கவச செட்டை, வாய்டு என்கிற அடியில்லாத வெற்றுவெளிக்குத் தாரை வார்த்தவனிடம் நடுநிலை எங்கிருந்து வரும்?

முதலில் எங்கள் ஆட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். வீடு தண்டையார்பேட்டையில். கோடை விடுமுறைக்கு அக்கா பையன் வந்திருந்தான். அவன் பழைய லேப்டாப்பில், நான் ஃபோனில், இரண்டும் ஒரே ஹாட்ஸ்பாட்டில். பெட்ராக் எடிஷன் (ஃபோனிலும் ஓடுகிற பதிப்பு, கம்ப்யூட்டருக்கு மட்டுமானது ஜாவா), சர்வைவல், நார்மல். நிற்கிற இடத்தின் எண்கள், அதாவது கோஆர்டினேட், தெரிகிற மாதிரி வைத்திருந்தோம். செத்தால் கையில் இருந்தது போச்சு. செத்தாலும் சாமான் போகாத கீப் இன்வென்டரி போட்டு விளையாடுகிறவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, விழுந்து எழுந்து எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

டிராகன் கதையை விட்டுவிடுகிறேன், அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. 2011-இல் எண்ட் வந்தபோது அந்த நடுத்தீவும் டிராகனும் மட்டும்தான். வெளித்தீவுகள், எண்ட் சிட்டி, எலிட்ரா எல்லாம் 2016-இல் ஜாவாவின் 1.9 அப்டேட்டில் வந்தவை. அதே வருடக் கடைசியில் ஃபோன் பதிப்புக்கும் வந்தன. நடுத்தீவுக்கும் வெளித்தீவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1,000 பிளாக் வெறும் வாய்டு. ஒரு பிளாக் ஒரு மீட்டர் கணக்கு, ஆக ஒரு கிலோமீட்டர். அதை யாரும் நடந்து தாண்டுவதில்லை. டிராகன் செத்ததும் முளைக்கிற கேட்வே என்ற வாசலுக்குள் ஒரு எண்டர் பேர்லை எறிந்தால் அந்தப் பக்கம் போய் விழுவோம். இந்த ஒரு பேர்லில் எந்தக் கட்சிக்கும் தகராறு இல்லை.

தகராறு அதற்கப்புறம்தான். வெளித்தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதில்லை. நடுவில் பத்து பிளாக், நாற்பது பிளாக், சில இடங்களில் அதற்கும் மேலே இடைவெளி. எலிட்ரா வைத்த கப்பல் இருக்கக்கூடிய எண்ட் சிட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு இடைவெளியாகத் தாண்டிப் போக வேண்டும். தாண்ட மூன்று வழி.

மெதுவாக விழ வைக்கிற ஸ்லோ ஃபாலிங் மருந்தை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். அதற்கு ஃபேன்டம் என்கிற பறக்கும் பிராணியின் சவ்வு வேண்டும், ஃபேன்டம் வருவதற்கு மூன்று நாள் தூங்காமல் இருக்க வேண்டும். அப்படிக் காய்ச்சினாலும் ஒன்றரை நிமிடம்தான், ரெட்ஸ்டோன் சேர்த்தால் நான்கு நிமிடம். குடித்துவிட்டு ஓடிக் குதித்தால் சின்ன இடைவெளி தாண்டும், பெரியதற்கு ஆகாது. ஆனால் சிட்டிக்குள் இருக்கிற ஷல்கர் என்ற எதிரியின் குண்டு பட்டு பத்து விநாடி மேலே மிதந்துவிட்டுக் கீழே விழும்போது இந்த மருந்துதான் சாமி. இரண்டு பாட்டிலை அதற்கென்று பையில் வையுங்கள். தீவு தாண்ட வேண்டாம்.

இனி பேர்ல். வேகத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. என் கை எறிக்கு முப்பது நாற்பது பிளாக் தாராளமாகப் போகும். ஒரு எறி, ஒரு விநாடி, அந்தப் பக்கம் நிற்போம். விழுகிற அடி இரண்டரை இதயம். பூட்ஸில் ஃபெதர் ஃபாலிங் இருந்தால் இன்னும் குறையும். எப்போதாவது எண்டர்மைட் என்கிற பூச்சி ஒன்று கூடவே வந்து காலைக் கடிக்கும், அது ஒரு பெரிய விஷயமில்லை. பேர்ல் தீர்ந்துவிடுமே என்று பயப்படவும் வேண்டாம், தீவு முழுக்க எண்டர்மேன் கூட்டம், அடித்தால் பேர்ல் விழுகிற நெட்டைக் கறுப்பு உருவங்கள். கூடுதல் சாமான் விழ வைக்கிற லூட்டிங் 3 போட்ட கத்தி இருந்தால் ஒரு ஆளிடமிருந்தே நான்கு வரை விழும். அக்கா பையன் இன்றும் இந்தக் கட்சிதான். "மாமா, நீங்க ஒரு பாலம் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் நாலு தீவு பார்த்துடுவேன்" என்கிறான். பார்த்தும்விடுகிறான்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், 32 பேர்லோடு போனேன். 28 எறிந்து ஒரு சிட்டியைக் கண்டுபிடித்தேன். கப்பல் இல்லாத சிட்டி, அதனால் எலிட்ரா இல்லை. ஆனாலும் பெட்டிகளில் நல்ல சாமான். கை நிறைய எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் பார்க்கிறேன், பையில் 4 பேர்ல்.

நான்கு போதாது என்பதுகூட இரண்டாவது பிரச்சினைதான். வரும்போது மேட்டுத் தீவிலிருந்து தாழ்வான தீவுக்கு எறிந்திருக்கிறேன். எறிகிற பேர்ல் தானாகவே போய் இறங்கும். திரும்பும்போது அதே இடைவெளியில் கீழேயிருந்து மேலே எறிய வேண்டும். முதல் பேர்ல் எட்டாமல் வாய்டுக்குள் போனது. அதில் நஷ்டம் பேர்ல் மட்டும், நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். இரண்டாவது எட்டியது, ஆனால் தீவின் மேல்பரப்பில் படாமல் விளிம்புக்கு ஒரு பிளாக் கீழே பக்கச்சுவரில் பட்டது. பேர்ல் எங்கே பட்டதோ அங்கே ஆள் போய் நிற்பான். சுவரை ஒட்டி, வெறும் காற்றில். மஞ்சள் கல் கண்ணுக்கு முன்னால் மேலே போக ஆரம்பித்தது. நிமிர்ந்து இன்னொரு பேர்ல் எறிந்தால் தப்பிக்கலாம் என்று தெரியும். லேப்டாப்பாக இருந்தால் ஒரு நம்பர் கீ. ஃபோனில் ஒரு விரலால் பார்வையை மேலே தள்ளி, இன்னொரு விரலால் ஹாட்பாரில், அதாவது திரையின் அடியில் இருக்கிற சாமான் வரிசையில், சரியான கட்டத்தைத் தொட வேண்டும். நான் தொட்டது பக்கத்துக் கட்டம். கேரட் சாப்பிட்டுக்கொண்டே செத்தேன்.

சாவிலிருந்து மீட்கிற டோட்டமும் வாய்டில் காப்பாற்றாது. லாவாவில் விழுந்தாலாவது நெதரைட் மிதக்கும், வாய்டில் விழுந்தது திரும்பவே திரும்பாது. எண்ட்டில் கட்டில் போட்டால் வெடிக்கும் என்பதால் அங்கே ஸ்பானும், அதாவது செத்தால் மறுபடி எழுகிற இடமும், வைக்க முடியாது. கண்ணைத் திறந்தால் வீட்டுக் கட்டிலில், வெறும் பனியனோடு.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால் காசிமேட்டில் படகு ஓட்டுகிற என் மச்சான் வீட்டில்தான் இருந்தார், வலை பின்னுகிற நேரம் போக மீதி நேரம் எங்கள் தோளுக்குப் பின்னால். மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் தலையில் கை வைத்திருந்தபோது முழுக் கதையையும் கேட்டார். பேர்ல் என்றால் என்ன, வாய்டு என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "போனது சரிப்பா. திரும்பி வர்றதுக்கு இன்னா வச்சிக்கினு போன?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர், டீசலை வருகிற வழிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏற்றுகிறவர், அவருக்கு அது சாதாரணக் கேள்வி. நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

அன்றிலிருந்து பாலம். இரண்டையும் வைத்து எதை நிறுத்துப் பார்த்தாலும் எனக்கு இந்த ஒரே இடத்தில்தான் தராசு சாய்கிறது. பேர்ல் போகிற வழியைக் காட்டும், வருகிற வழியை விட்டுவைக்காது. பாலம் அங்கேயே கிடக்கும். போகும்போது குனிந்து குனிந்து ஒரு விநாடிக்கு ஒன்றேகால் பிளாக் என்று நகர்ந்தாலும், வரும்போது அதன் மேல் நேராக நடந்து வரலாம். பை நிறைய சாமான், இதயம் பாதி, பின்னால் ஒரு எண்டர்மேன் என்று வரும்போதுதான் இதன் அருமை தெரியும். செத்துப்போய் மறுபடி வெறுங்கையோடு வந்தாலும் பாலம் இருக்கிறது. மறுநாள் வந்தாலும் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒரே மஞ்சள் கல், கறுப்பு வானம், சூரியனும் கிடையாது, சாதாரண காம்பஸும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோஆர்டினேட் திசையைச் சொல்லும், எந்த இடைவெளியை எங்கே தாண்டினோம் என்று சொல்லாது. எங்கள் பாலத்தைக் கருங்கல்லில், அதாவது காபிள்ஸ்டோனில் போடுகிறோம். மஞ்சளுக்கு நடுவில் அந்தச் சாம்பல் கோடு தூரத்திலிருந்தே தெரியும்.

கல் தீர்ந்தால்? தீவே கல்தான். பிக்காக்ஸை எடுத்து எண்ட் ஸ்டோனை வெட்டினால் இரண்டு நிமிடத்தில் ஒரு ஸ்டாக், அதாவது 64 பிளாக். நிறம் மட்டும் மாறும், அதனால் பத்து பிளாக்குக்கு ஒன்றாகக் காபிள் கலந்து வைப்பேன். கிளம்பும்போது காபிள் ஐந்து ஸ்டாக் எடுத்துப் போகிறேன், அது 320 பிளாக்.

ஃபோனில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி. பெட்ராக்கில், விளிம்பில் நின்று முன்னால் பார்த்துத் தொட்டாலே அடுத்த பிளாக் காலுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜாவாக்காரர்கள் மாதிரி முதுகைக் காட்டிப் பின்னால் நகர வேண்டியதில்லை. விளிம்பில் விழாமல் குனிந்து நகர வைக்கிற ஸ்னீக்கை அழுத்திவிட்டு, பார்வையைக் காலடியில் வைத்துக்கொண்டு தட்டு, ஒரு அடி, தட்டு, ஒரு அடி. நாலு பாலம் போட்டதும் விரலுக்குப் பழகிவிடும். பார்வை காலடியில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு, இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது: எண்டர்மேன் கண்ணில் கண் படவே படாது, பட்டால்தான் அவன் கோபித்து அடிக்க வருவான். பேர்ல் எறிய வேண்டுமானால் நிமிர்ந்து எதிர்த்தீவைத் துழாவிப் பார்க்க வேண்டும், அங்கே எப்படியும் ஒருத்தன் நின்றுகொண்டிருப்பான். செதுக்கிய பூசணிக்காயைத் தலையில் மாட்டினால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பது உண்மை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு பேர்லுக்குக் குறி பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிக்கிற கதை. காலடியைப் பார்த்துப் பாலம் போட அந்த ஓட்டையே போதும்.

பாலத்தில் குறை இல்லாமல் இல்லை. மெதுவு, ரொம்ப மெதுவு. எங்கள் ஊர் மே மாதத்தில் அரை மணி பாலம் போட்டால் ஃபோன் தோசைக்கல் மாதிரி சுடும். ஒரு பிளாக் அகலப் பாலத்தில் எண்டர்மேன் தோன்றி அடித்தால் தூக்கி எறியப்படுவோம். எண்ட்டில் வெளிச்சம் கிடையாது, பாலத்தின் மேலேயே அவன் முளைக்கலாம். முழுப் பிளாக்குக்குப் பதில் கீழ்ப்பாதி ஸ்லாப் வைத்தால் அதன் மேல் எதுவும் முளைக்காது, மூன்று கல்லில் ஆறு ஸ்லாப் வருவதால் கல்லும் பாதிதான் ஆகும். பையன் லேப்டாப்பில் அழகாக வைக்கிறான். எனக்கு ஃபோனில் அது ஒழுங்காக வருவதில்லை, பாதியில் உயரம் மாறிவிடுகிறது. அதனால் நான் முழுப் பிளாக்தான், பெரிய இடைவெளி என்றால் இரண்டு அகலம். பிறகு, டிராகனை மறுபடி எழுப்பி அடித்து வேறு கேட்வே திறந்தால், பழைய பாலமெல்லாம் அந்தப் பக்கத்துக்கு உதவாது. முதலிலிருந்து போட வேண்டும்.

பேர்லை அடியோடு விட்டுவிட்டேன் என்றும் இல்லை. எட்டு பேர்ல் எப்போதும் ஹாட்பாரில், வலது கட்டை விரலுக்குப் பக்கத்துக் கட்டத்தில். கேட்வேக்கு ஒன்று, மீதி விழுந்தால் எறிய. கேரட்டை அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு பெரிய பாலத்தின் தொடக்கத்திலும் எண்டர் செஸ்ட்டை (எந்த எண்டர் செஸ்ட்டைத் திறந்தாலும் நம் சாமான் அப்படியே இருக்கும் பெட்டி) வைத்து, நல்ல சாமானையெல்லாம் உள்ளே போட்டுவிட்டு, பொருளை உடைக்காமல் முழுசாகப் பெயர்க்கிற சில்க் டச் பிக்காக்ஸால் அதைப் பெயர்த்துக் கையோடு எடுத்துப் போவேன். சாதாரண பிக்காக்ஸால் பெயர்த்தால் எட்டு ஆப்சிடியன்தான் மிஞ்சும், பெட்டி போய்விடும், ஜாக்கிரதை.

ஜாவாவில், மவுஸ் கையில் இருக்கிறவர்களுக்கு இதே தீர்ப்பா என்று கேட்டால், நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பையன் லேப்டாப்பில் பேர்ல் எறிகிற துல்லியத்தைப் பார்த்தால் அவனுக்கு அது சரிதான் என்று தோன்றுகிறது. அவனும் ஒரு தடவை விழுந்தான், விழுகிற வேகத்திலேயே மேலே எறிந்து ஏறி வந்தான். ஃபோனில் பாலம் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

எலிட்ரா வந்தபிறகு இந்தச் சண்டையே முடிந்துவிடும் என்பார்கள். இருக்கலாம், எனக்கு அதில் அனுபவம் குறைவு. ஒரு கப்பலில் ஒரு எலிட்ராதான் இருக்கும். எட்டாவது பாலத்தின் முடிவில் நாங்கள் கண்டுபிடித்த கப்பலின் எலிட்ரா பையன் முதுகில் இருக்கிறது. அதன் ஆயுள் 432, பறக்கிற ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்று குறையும், ஆக தானாகப் பழுது சரியாக்குகிற மெண்டிங் எதுவும் இல்லாமல் ஏழு நிமிடம் சொச்சம். ஒரு ஃபேன்டம் சவ்வு 108 ஏற்றிக் கொடுக்கும். பள்ளி திறந்து அவன் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், பறக்க உந்தித் தள்ளுகிற பட்டாசு தீர்ந்துபோய், ஆயுளும் சிவப்புக் கோட்டுக்கு வந்து, மூன்றாவது தீவில் இறங்கி நின்றுகொண்டு, "மாமா, உங்க பாலம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். சாம்பல் கோடு தெரிகிறதா பார் என்றேன். தெரிகிறது என்றான்.