120ஒய் ஒழுகுது: பாட்டில் மருந்தா, கார்க்கா, சிலிக்கானா, சீலா?

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் என் டட்சன் 120ஒய் கார் நிற்கும் இடத்தில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பேன். காலையில் பார்த்தால் ஐம்பது காசு அகலத்துக்கு நான்கைந்து எண்ணெய்ச் சொட்டு, இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. பார்த்த போர்மேன் (மெக்கானிக்) எல்லாரும் ஒரே பாட்டுதான்: "பின் சீல் போச்சுண்ணே, கியர்பாக்ஸை இறக்கணும்." பின் சீல் என்றால் இஞ்சின் தண்டின் பின்முனையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். நண்பர்கள் பாட்டு வேறு: "ஒரு பாட்டில் ஊத்து, நின்னுடும்."

முதலில் நண்பர்கள் பேச்சைத்தான் கேட்டேன். ஒழுகலை நிறுத்த இஞ்சின் எண்ணெயோடு ஊற்றும் இந்தப் பாட்டில் மருந்து, சூட்டில் காய்ந்து விறைத்த ரப்பர் சீலை இளக்கிச் சற்று உப்ப வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. சீலின் உதடு கிழிந்திருந்தால் பயனில்லை. இரண்டு பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கும் கார்க் கேஸ்கட்டை அது ஒன்றும் செய்யாது. பாலம் தாண்டி பட்டர்வொர்த், பாலிக் பூலாவ் வளைவுகள் என்று 500 கிலோமீட்டர் ஓட்டினேன். அட்டையில் சொட்டு ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. இஞ்சினை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைப் பின்பக்கம் முழுக்கத் தூவினேன். தண்ணீர்மலை வரை ஒரு சுற்று. திரும்பி வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடம் மேலே, இஞ்சின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் தகர மூடியின், அதாவது வால்வு மூடியின் பின் விளிம்பு. அங்கிருந்து இஞ்சின் முதுகில் வழிந்து, பின் சீல் ஒழுகுவது போல வேஷம் போட்டிருக்கிறது.

ஆக, வால்வு மூடிக்கு அடியில் எதை வைத்து அடைப்பது என்பதுதான் கேள்வி. என் காருக்கு உண்மையான போட்டி கார்க்குக்கும் சிலிக்கானுக்கும்தான்.

சிலிக்கான் பிதுக்குவது சுலபம், மேடு பள்ளத்தையும் நிரப்பும். ஆனால் காற்றின் ஈரத்தில் இறுகும் சாமான் அது. பினாங்குக் காற்றில் ஒரு தே தாரிக் குடித்து வருவதற்குள் மேலே ஆடை கட்டிவிடும், அப்புறம் மூடியை வைத்தால் ஒட்டாது. துளி எண்ணெய் மிச்சமிருந்தாலும் அப்படித்தான். இதைவிட மோசம், அள்ளிப் பூசுவது. உள்ளே பிதுங்கியது புழுப்போல அறுந்து கீழே விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் இஞ்சினே போய்விடும். குளியலறை ஓட்டுக்குப் பூசும் சிலிக்கானை இதற்கு எடுப்பவர்களும் உண்டு. சூடான எண்ணெய்க்கு அது தாங்காது.

என் ஓட்டு கார்க்குக்கு. அடுத்த மாதம் மூடியை மறுபடி திறந்து வால்வு இடைவெளி பார்க்க வேண்டியிருந்தால், சிலிக்கானைச் சுரண்டி அரை நாள் போகும். கார்க் என்றால் கழற்றி மாட்டலாம். கடையில் வருடக்கணக்கில் தொங்கிய கார்க் சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் நீண்டு கொடுக்கும். இறுக்குவதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஒழுகுதே என்று ஸ்பேனரை அழுத்த அழுத்த கார்க் பிய்யும், தகர மூடியின் விளிம்பு துளைக்குத் துளை குழிந்துபோகும். என் மூடியும் அப்படித்தான் நெளிந்திருந்தது. மரக்கட்டை மேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் புது கார்க்கை வைத்தேன். மூலைகளில் மட்டும் மெல்லிசாக ஒரு பொட்டு சிலிக்கான்.

சரி, பின் சீல்? உண்மையிலேயே அதுதான் ஒழுகுகிறது என்றால் மாற்றாமல் முடியாது. சீல் விலை அற்பம். கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் மூன்றையும் இறக்கி ஏற்றும் கூலிதான் கையைக் கடிக்கும். அதனால் கிளட்ச் தேயும் வரை பொறுத்து, இரண்டையும் சேர்த்துச் செய்வதே கெட்டிக்காரத்தனம். எதைச் செய்வதற்கு முன்பும் இஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் அது அடைத்திருக்கிறது. உள்ளே காற்றழுத்தம் ஏறி, எந்தப் புதுக் கேஸ்கட்டையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும்.

இப்போது பழைய இடத்தில் அட்டை காய்ந்து கிடக்கிறது. ஆனால் இரண்டு முழம் பின்னால் புதிதாக ஒரு சொட்டு. தொட்டு மோந்தால் கந்தக வாடை, கியர் எண்ணெய். அது அடுத்த மாதச் சம்பளத்துக்கு.