முதல் பின்பால் இயந்திரம்: அட்டாக் ஃப்ரம் மார்ஸ்

வீட்டுக்கு முதன்முதலாகப் பின்பால் இயந்திரம் (சாய்ந்த தளத்தில் உருளும் பந்தைத் துடுப்புகளால் தட்டி இலக்குகளை அடிக்கும் விளையாட்டு) வாங்குவோர் பலரும் பெட்டியின் ஓவியத்தில் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் நாள்தோறும் ஆடப்போவது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தளத்தில்தான். அந்த வகையில், பிரையன் எடி வடிவமைத்து 1995-இல் பாலி (Bally) என்ற வணிகப் பெயரில் வெளிவந்த 'அட்டாக் ஃப்ரம் மார்ஸ்' இயந்திரத்தையே முதலில் பரிந்துரைப்பேன். நடுவில் உள்ள பறக்கும் தட்டை மறைத்து நிற்கும் மூன்று இலக்குகளையும் அடித்தவுடன் அந்தத் தடுப்பு கீழே இறங்கிவிட, அடுத்த அடிகளைத் தட்டு வாங்கிக் குலுங்குவதைப் பார்க்கும் எவருக்கும் விதிகளை விளக்கத் தேவையில்லை. அதே வேளையில், குறி சற்றே பிசகினாலும் பந்து இரு துடுப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியே விழுந்துவிடும் என்பதால் பழகியவர்களுக்கும் சலிப்பதில்லை.

பழைய இயந்திரமா, சிகாகோ கேமிங் நிறுவனத்தின் மறுதயாரிப்பா என்பது உங்களுக்குப் பழுதுபார்ப்பதில் உள்ள ஆர்வத்தைப் பொறுத்தது. பழையது என்றால், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தளத்திலுள்ள துளைகளின் விளிம்பில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறதா என்றும், மின்பலகையில் பேட்டரி கசிந்த பச்சைக் கறை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னது பெரும்பாலும் அழகுக் குறை, பின்னது பெருஞ்செலவு. எடை நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், மாடிக்கு ஏற்றுவது எப்படி என்பதையும் (இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை) பணம் கொடுக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். நிறுவியபின் தளத்தின் சாய்வு ஏறத்தாழ 6.5 பாகை இருக்க வேண்டும். அது குறைந்தால் பந்து சோம்பி உருளும்.