வாவிக்கு எந்தக் கனூ? பைபர், அலுமினியம், றோயலெக்ஸ், பொலித்தீன்

பாவித்த கனூ (சவளால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) வாங்க நினைத்து வெளிநாட்டுக் குறிப்புகளைப் படிப்பவர் கடைசியில் றோயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகையின் பெயரில்தான் போய் நிற்பார். பாறையில் மோதி இறங்கும் ஆறுகளுக்கு அது நியாயமான தெரிவு. மட்டக்களப்பு வாவியில் பாறையில் அடிபடுவது அரிது. இங்கே கனூவைத் தின்பவை வேறு: கோடையில் ஏறும் உப்பு, நாள் முழுக்க வெயில், கரையோரச் சிப்பி, நீருக்குள் மறைந்து நிற்கும் வலைக்கம்புகள். அதற்கும் மேலே ஒரு கேள்வி: உடைந்தால் இங்கே யார் ஒட்டித் தருவார்? இந்தக் கணக்கில் பார்த்தால் கண்ணாடி நாரை ரெசினில் தோய்த்துச் செய்த பழைய பைபர் கனூதான் முதலிடம்.

காரணம் எளிது. கல்லாறு முதல் வாழைச்சேனை வரை கடலுக்குப் போவது பெரும்பாலும் பைபர் படகு. ஆகவே ரெசின், கண்ணாடி நார்ப்பாய், ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு, கை பழகிய ஆட்களும் உண்டு. பதினாறு அடிக் கனூ 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். அதற்கு மேல் கனத்தால் முன்பின் மிதவைப் பெட்டியில் நுரை தண்ணீர் குடித்திருக்கலாம். பெட்டியில் துளை போட்டுப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பார்க்கும் முறை: கனூவைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே இருந்து பாருங்கள். வர்ணம் பூசாத உள்பக்கமாயின், வெளுத்த நட்சத்திரம் போலத் தெரியும் இடத்தில் நார் முறிந்திருக்கிறது. வெளியே ஜெல்கோட்டில் மட்டும் உள்ள மயிர்க்கோட்டு வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. அடிப்பகுதியை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், டங் என்பது பொத்தென மாறும் இடத்தில் படை பிரிந்திருக்கும்.

ஒட்டுவதில் பலர் சறுக்குவது உப்பிலும் ஈரத்திலும். முதலில் நன்னீரால் கழுவி, சில நாள் நிழலில் காயவிட வேண்டும். முறிந்த நாரை வெட்டி எடுத்து, சுற்றிவரச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு: 4 மி.மீ. தடிப்புக்கு ஏறத்தாழ 5 செ.மீ. சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள பாய் ஒரு படை ஒரு மி.மீ. தரும், ஆக நான்கு படை. பாயின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, வெடிப்புத்தான் கூடும். வேகமூட்டி கலந்தே விற்கும் ரெசினுக்குக் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் ஹார்ட்னரில் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) தொடங்குங்கள். நம் வெயிலில் இருபது மில்லி விட்டால் பாத்திரத்திலேயே புகைந்து கட்டியாகிவிடும். வேகமூட்டி தனியாக வந்தால் அதையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது. கடைசிப் பூச்சு ஒட்டிக்கொண்டே இருந்தால் ரெசின் பழுது என்று எண்ண வேண்டாம். காற்றுப்பட்டால் அது அப்படித்தான். மேலே பொலித்தீன் தாளை விரித்தால் இறுகும்.

அடுத்தது அலுமினியம். 1945இல் அமெரிக்க விமான நிறுவனமான கிரம்மன் தொடங்கிய வகை. 17 அடி வழமைக் கனூவில் தகடு 1.27 மி.மீ., எடை 34 கிலோ அளவு. வெயில் அதை ஒன்றும் செய்யாது. நம் தொடையைத்தான் சுடும். எதிரி உப்பு, அதிலும் பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கு ஆணியோடு சேர்ந்த உப்பு. முந்தையவர் கழன்ற றிவெற்றுக்கு (தகடுகளைப் பிணைக்கும் அறையாணி) பதில் கிடைத்த ஆணியை முறுக்கியிருந்தால், அதைச் சுற்றி வெள்ளைப் பொடியும் குழியும் இருக்கும். செம்பு கலந்த பாசித்தடுப்பு வர்ணமும் அதே வேலையைச் செய்யும். வாங்குமுன் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, நடுச்சட்டத்தோரம் வெளியே கசிகிறதா என்று பாருங்கள். ஓட்டைக்கு அலுமினியத் தகடு, பொலியூரித்தேன் பசை, இரண்டரை செ.மீ.க்கு ஒன்றாக அலுமினிய றிவெற். வெல்டிங் வேண்டாம்: மெல்லிய தகடு உருகாமல் தப்பினாலும், சூட்டில் பதம் இழந்து பக்கத்திலேயே கிழியும். இன்னொரு குறை சத்தம். சவள் விளிம்பில் தட்டினால் எதிர்க்கரை கொக்குவரை எழும்பும். பறவை பார்க்கப் போகிறவர் யோசிக்க வேண்டும்.

றோயலெக்ஸ் என்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் நடுவே நுரை, வெளியே வினைல் தோல். உற்பத்தி 2014இல் நின்றது. இப்போது காண்பவை எல்லாம் பழையவை. வினைல் தோல் இருக்கும்வரை நல்ல கனூ. அடிமூக்கில் தோல் தேய்ந்து உள்நிறம் தெரிந்தால், வெயில் ஏபிஎஸ்ஸை உடையும் பதத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. ஒட்டுக்கு எபொக்சி ரெசினே வேண்டும். இங்கே வழக்கமாகச் செய்வதுபோல் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தால் ஏபிஎஸ் கரையும், பைபருக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினும் உரிந்து வரும். பைபருக்குப் பழகிய கை இதில் தடுமாறும் இடம் அதுதான். குளிரில் மர விளிம்பின் திருகாணிகளைத் தளர்த்து என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். அம்பாறையில் அதற்கு வேலையில்லை.

பொலித்தீன் வகை மலிவு, அடிபட்டாலும் எழும்பும். ஆனால் சூட்டில் வளையும். இரண்டு கட்டையில் ஒரு வெயில் காலம் வைத்தால் அடி நடுவே மேலே எழும்பும், பிறகு நேராகப் போகாது. வாங்குமுன் ஒரு முனையில் குந்தி மறுமுனைவரை அடிக்கோட்டைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பசை எதுவும் நம்பிக்கையாகப் பிடிக்காது. நேர் வகைப் பொலித்தீனை அதே வகைக் குச்சியால் சூடாக்கி ஒட்டலாம், குறுக்குப் பிணைப்பு வகை உருகவே மாட்டாது. எந்த வகை என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், உள்ளே மறைவான இடத்தில் சுரண்டிய சிறு துண்டைச் சூடாக்கிப் பாருங்கள். மெழுகுபோல் உருகினால் ஒட்டலாம். ஒட்டமுடியாததற்குக் குறைந்த விலை மட்டும் கொடுங்கள்.

கெவ்லார் என்ற செயற்கை நாரால் செய்தது 20 கிலோ அளவில் இனிமையாகத் தூக்கலாம்தான். சிப்பிக் கரையில் இழுத்தால் நார் பஞ்சாக எழும்பும், தேய்த்தால் மேலும் எழும்பும். மரத்தோணி வேறு கதை: நிழலும் எண்ணெயும் கொடுக்க ஆள் இருந்தால் வாவிக்கு அதுவே போதும். உப்பு ஏறிய பக்கத்தில் கட்டியே வைத்தால் கப்பல் புழு துளைத்துவிடும். வெளியே குண்டூசித் துளை, உள்ளே சுரங்கம். கத்திமுனையால் அடிப்பலகையைக் குத்திப் பார்த்தால் தெரியும்.

பொத்துவில் களப்பு போன்ற ஆழமற்ற கண்டல் பக்கம் மட்டும் ஓட்டுபவர், நிழற்கூடாரமும் இல்லாதவர் என்றால், பைபருக்குப் பதில் அலுமினியத்தையே எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். வாடைக் காற்று வருமுன் கட்டியும் வைக்க வேண்டும்; வெறும் கனூவைக் காற்று தூக்கி எறிந்துவிடும்.