தனியாகப் போக்கர் ஆடப் போகிறவருக்கு: கோவாவா, கொழும்பா, லாஸ் வேகஸா?

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தபின், கைப்பேசியில் போக்கர் ஆடிப் பழகியவர்கள் பலர் நேரடி மேசையைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் காசினோ இல்லாததால் அந்தத் தேடல் வெளியூர்ப் பயணத்தில்தான் போய் நிற்கிறது. குடும்பச் சுற்றுலாவுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஆடுவது வேறு. சீட்டாடுவதற்கென்றே விடுப்பு எடுத்து, துணைக்கு ஒருவரையும் அழைக்காமல், ஒரு பையோடு கிளம்புவது வேறு. இந்த இரண்டாம் வகைப் பயணத்துக்குச் சென்னையிலிருந்து கிளம்புகிறவர் பெரும்பாலும் கோவா, கொழும்பு, லாஸ் வேகஸ் ஆகிய மூன்று ஊர்களையே எண்ணிப் பார்க்கிறார். மூன்றிலும் தனியாகப் போய் ஆடியவன் என்ற முறையில் அவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காசினோவில் "போக்கர்" என்று பலகை மாட்டிய மேசைகளில் பாதிக்கு மேல் நாம் தேடும் போக்கர் அல்ல. த்ரீ கார்டு போக்கர், கரிபியன் ஸ்டட், அல்டிமேட் டெக்சஸ் ஹோல்டெம் போன்றவற்றில் நாம் ஆடுவது காசினோவை எதிர்த்து. அங்கே கணக்கு எப்போதும் காசினோவின் பக்கமே சாய்ந்திருக்கும். உண்மையான போக்கர் மேசையில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள்; ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசை நடுவே சேரும் பந்தயப் பணமான 'பாட்' தொகையிலிருந்து காசினோ ரேக் எனப்படும் சிறு பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. ஆகவே அறை முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி "போக்கர் இருக்கிறதா" என்பதல்ல. "கேஷ் கேம் எத்தனை மேசை, எத்தனை மணிக்குத் தொடங்கும், பிளைண்டு எவ்வளவு" என்பதுதான். (கேஷ் கேம் என்பது போட்டியாக அல்லாமல், பணத்துக்கு ஈடான சிப்பு எனும் வில்லைகளோடு வேண்டும்போது உட்கார்ந்து வேண்டும்போது எழும் ஆட்டம்; பிளைண்டு என்பது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், அதில் பெரியது பிக் பிளைண்டு.)

அடுத்தது அளவுகோல். எந்த ஊரில் அதிகம் வெல்லலாம் என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நேரடி மேசையில் ஒரு மணி நேரத்துக்கு 25 முதல் 30 கைகளே (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஆட முடியும். நான்கு நாளில் 30 மணி நேரம் உட்கார்ந்தாலும் 900 கைகளைத் தாண்டாது. நூறு கைகளுக்கு 80 முதல் 100 பிக் பிளைண்டு வரை ஏற்ற இறக்கம் காணும் ஆட்டத்தில், மணிக்கு ஐந்து பிக் பிளைண்டு சம்பாதிக்கும் கெட்டிக்காரர்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பயணத்தில் நட்டத்தோடுதான் வீடு திரும்புவார். எனவே ஒரு பயணத்தின் வெற்றி தோல்வி நம் திறமையைப் பற்றியோ அந்த ஊரைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. நான் ஒப்பிடுவது ஒன்றைத்தான்: சீட்டு எப்படி வந்தாலும் கையை விட்டுப் போகும் பணத்தை ஆடிய நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேர ஆட்டத்தின் விலை என்ன?

கோவாவின் பெரிய பலம் அருகாமை. 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 1992இலும் 1996இலும் செய்த திருத்தங்களால், நட்சத்திர விடுதிகளில் இயந்திர விளையாட்டுகளும் கப்பல்களில் மேசை விளையாட்டுகளும் அனுமதி பெற்றன. அதனால்தான் நாம் தேடும் மேசை பணஜியில் மாண்டவி ஆற்றின் நடுவே நிற்கும் கப்பல்களில் இருக்கிறது. துறையில் நுழைவுச் சீட்டு வாங்கி, டீசல் வாடையோடு வந்து ஒட்டும் சிறு படகில் ஏறி, ஐந்து நிமிடத்தில் கப்பலின் இரும்புப் படிக்கட்டில் கால் வைக்கும்போது ஒரு உற்சாகம் வரத்தான் செய்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடும் குடியும் அடக்கம். கட்டணத்தோடு தரும் இலவச சிப்பு வழக்கமாகப் போக்கர் மேசையில் செல்லாது என்பதால், அதைக் காட்டி விற்கும் விலை உயர்ந்த சீட்டை வாங்குவதில் போக்கர் ஆட்டக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை.

கோவாவின் கணக்கு இடிப்பது வரியில். காசினோவில் சிப்பு வாங்கக் கொடுக்கும் தொகையின் மீது 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜி.எஸ்.டி. கணக்கிடப்பட்டு வந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வென்ற சிப்பை மேசையிலேயே திரும்ப ஆடினால் மறுபடி வரி இல்லை. ஆனால் இரவில் சிப்பைப் பணமாக்கிக்கொண்டு போய் மறுநாள் புதிதாக வாங்கினால் வரியும் புதிதாகத் தொடங்கும். ஆடாமல் திருப்பிக் கொடுத்த சிப்புக்கும் வரி திரும்பாது. முழு வரியையும் நம் தலையில் ஏற்றினால், 10,000 ரூபாய் சிப்பு கையில் வர 14,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். அதாவது முதல் சீட்டு விழுவதற்கு முன்பே நான்காயிரம் போய்விட்டது. கவுண்டரில் பணத்தை நீட்டுவதற்கு முன் "இத்தனை ரூபாய்க்கு எத்தனை ரூபாய் சிப்பு" என்று கேட்டு, விடை எண்ணாக வரும்வரை விடக் கூடாது. மற்ற ஊர்களில் முழு பை-இன்னோடு (மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) உட்காருவதே நல்லது என்று சொல்லும் நான், கோவாவில் மட்டும் குறைந்த தொகைக்கு வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

தனி ஆளுக்கு அங்கே வேறொரு சங்கடமும் உண்டு. கோவாக் கப்பலுக்கு வருகிறவர்கள் கும்பலாக வருகிறார்கள்: கல்யாணத்துக்கு முந்தைய நண்பர் கூட்டம், கம்பெனிக் கூட்டம், ஜோடிகள். போக்கர் அறையில் மட்டும் சிறு வட்டம். அவர்களில் பலர் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள், பேச்சு பெரும்பாலும் இந்தியில் ஓடும். ஒரு மழைக்காலப் புதன்கிழமை ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) இரவு இரண்டு மணிக்கு ஆறு பேர் மேசையிலிருந்து இருவர் எழுந்தார்கள். "நாலு பேருக்கு ஓடாது சார்" என்று டீலர் சீட்டை அள்ளிக்கொண்டார். எனக்குப் போக வேறு மேசை இல்லை. விடியும்வரை ஆடலாம் என்று நம்பிக் கட்டிய நுழைவுக் கட்டணம் பருப்பும் சாதமும் ஆனது. மழைக்காலத்தில் ஆறும் சும்மா இருப்பதில்லை. 2017 ஜூலையில் லக்கி செவன் என்ற காசினோக் கப்பல் மிராமார் கரையில் தரை தட்டி நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான வார இறுதிகள், அல்லது போட்டித் தொடர் நடக்கும் வாரங்கள்: கோவா என்றால் இவை மட்டுமே என் பரிந்துரை.

கொழும்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் கட்டுநாயக்கவில் இறங்கிவிடும். வெள்ளவத்தையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். ஆட்டோக்காரரோடு தமிழில் பேரம் பேசலாம். அங்கே பெல்லாஜியோ, பாலிஸ் என்ற பெயர்களைப் பார்த்து லாஸ் வேகஸின் கிளைகள் என்று நினைத்துவிடக் கூடாது, பெயர்தான் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், லாஸ் வேகஸில் பாலிஸ் என்ற பலகை 2022இல் இறங்கி ஹார்ஸ்ஷூ ஆகிவிட்டது. கொழும்பில் அது இன்னும் எரிகிறது. 2025 ஆகஸ்டில் பேரை ஏரிக்கரையில் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் திறந்த பிறகு ஊரின் காசினோக்களுக்கு ஒரு புது மினுமினுப்பும் வந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை அந்த ஊர், காசினோவை எதிர்த்து ஆடும் பக்கரா என்ற சீட்டாட்டத்தை ஆடுகிற ஊர். போக்கர் மேசை மாலைக்கு மேல்தான் கூடும். கூடாத நாளும் உண்டு. விமானச் சீட்டும் விடுதியும் இலவசம் என்று தரகர்கள் சொல்லும் பொதிகளில், முன்பணமாகக் கட்டும் தொகையைக் காசினோவை எதிர்த்து ஆடும் மேசைகளில் உருட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். போக்கர் ஆடுகிற நேரம் அந்தக் கணக்கில் சேருமா என்று எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஊரைப் பார்க்கப் போய் இரண்டு இரவு ஆடுகிறவருக்குக் கொழும்பு இனிமையான இடம். ஆடுவதற்கென்றே போகிறவருக்கு, மேசை கூடுமா என்று காத்திருக்கும் நேரமும் விலைதான்.

லாஸ் வேகஸ் இவ்விரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. நெவாடா மாநிலம் 1931இலேயே சூதாட்டத்தை அனுமதித்துவிட்டதால் போக்கர் அங்கே ஒளிந்து நடப்பதும் அல்ல, அபூர்வமும் அல்ல. பெல்லாஜியோ, ஏரியா, வின், வெனிஷியன் ஆகிய காசினோக்களின் போக்கர் அறைகளில் காலை பத்து மணிக்கும் மேசை ஓடும், இரவு மூன்று மணிக்கும் ஓடும். பிராவோ போன்ற செயலியைத் திறந்தால் எந்த அறையில் எந்த ஆட்டம் எத்தனை மேசை, காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர் என்பதெல்லாம் கையில் இருக்கும். பிளைண்டு 1 டாலரும் 3 டாலருமான (1/3) மேசையில் 300 டாலரோடு உட்காரலாம். பாட் தொகையில் பத்து சதவீதம், அதுவும் ஐந்தாறு டாலர் உச்ச வரம்போடு, ரேக்காகப் போகும். மேசைச் சலுகைகளுக்கென்று மேலும் ஒன்றிரண்டு டாலர் எடுப்பார்கள். கைக்குச் சராசரியாக ஐந்து டாலர் என்று வைத்தால், மணிக்கு 30 கைகளில் 150 டாலர் மேசையை விட்டுப் போகிறது. ஒன்பது பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு டாலர். பாட் தொகையை வென்றவர் டீலருக்கு ஒரு டாலர் தள்ளுவது வழக்கம். டீலர் அதைத் தட்டின் விளிம்பில் "டொக்" என்று ஒரு முறை தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போடுவார். முதல் நாள் நான் வெல்லும்போது மட்டும் அந்தச் சத்தம் எழவில்லை என்று புரிய அரைமணி ஆயிற்று; மற்றவர்கள் எல்லாம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தனியாக வந்தவனை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரும் தனியாக வந்தவர்களே. வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்தால் அழைப்பார்கள்; ஆட்டம் கசந்தால் மேசை மாறக் கேட்கலாம், அறையே மாறலாம். கை நடக்கும்போது ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியும் தனியாளுக்குச் சாதகமானது. தெரிந்தவர்கள் தங்கள் மொழியில் குசுகுசுக்க முடியாது. (ஒரு முறை எதிரே இருந்தவர் போனில் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், கை முடியும்வரை இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.) நேர வேறுபாடும் ஒரு விசித்திர உதவி செய்கிறது. கோடையில் இந்திய நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி. முதல் மூன்று நாட்கள் நள்ளிரவில் நம் உடம்பு மதியச் சுறுசுறுப்பில் இருக்கும், எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார். அதே கணக்கு மறுநாள் பகலில் நம் கண்ணைச் சொக்க வைக்கும் என்பதை மறந்து நண்பகலில் உட்கார்ந்தால் அந்த உதவி வட்டியோடு திரும்பிப் போகும்.

குறைகளும் சிறியவை அல்ல. இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. 185 டாலர் விசாக் கட்டணம், நேர்காணலுக்கு நாள் கிடைக்கும் காத்திருப்பு, அறை வாடகைக்கு மேல் நாள்தோறும் வசூலிக்கும் ரிசார்ட் கட்டணம் எல்லாம் தனி ஆளின் தலையிலேயே விழும். இருவர் தங்கினாலும் ஒருவர் தங்கினாலும் அறைக்கு ஒரே விலை என்பதைவிடத் தனிப் பயணிக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை ஹார்ஸ்ஷூ, பாரிஸ் என்ற இரு லாஸ் வேகஸ் விடுதிகளில் உலகப் போக்கர் தொடர் நடக்கும்போது மேசைகள் நிரம்பி வழியும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முதன்மைப் போட்டிக்கு 10,000 டாலர் கட்டாவிட்டாலும் சில நூறு டாலரில் தினப் போட்டிகள் உண்டு. போட்டியில் பெரிய தொகை வென்றால் இந்தியரிடம் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஜப்பானியருக்கும் பிரிட்டானியருக்கும் ஒப்பந்தத்தால் கிடைக்கும் விலக்கு நமக்கு இல்லை. இங்கே வந்தபின்னும் வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு, தோற்றதையோ செலவையோ அதில் கழிக்க முடியாது. இது கோவாவுக்கும் பொருந்தும்.

இப்போது விலையைப் போட்டுப் பார்க்கலாம். கோவாவுக்கு விமானம், அறை, நுழைவு என்று 30,000 ரூபாய் ஆகிறது, 20 மணி நேரம் ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்: மணிக்கு 1,500 ரூபாய். இரண்டு முறை ஐம்பதாயிரத்துக்குச் சிப்பு வாங்கினால் வரி 40,000 ரூபாய், அதாவது மணிக்கு மேலும் 2,000. லாஸ் வேகஸுக்கு ஒரு வாரத்துக்கு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம், 40 மணி நேர ஆட்டம் என்றால் மணிக்கு 5,000. சிப்புக்கு வரி இல்லை. ரேக் இரண்டு இடத்திலும் உண்டு. மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில்தான் வித்தியாசம். ஆட்டத்தின் தொகை கூடக் கூடக் கோவாவின் மலிவு கரைகிறது. ஒவ்வொரு முறையும் லட்ச ரூபாய்க்கு மேல் சிப்பு வாங்கும் பழக்கமுள்ளவருக்கு லாஸ் வேகஸுக்கு விமானம் ஏறுவதே சிக்கனம். ஆடுவதற்குப் பத்தாயிரம் ரூபாயோடு ஒரு வார இறுதியைக் கழிக்க நினைப்பவருக்குக் கோவாவை விட்டால் வேறு வழியில்லை.

என்னைக் கேட்டால், ஆண்டுக்கு மூன்று முறை கோவா போவதை நிறுத்திவிட்டு இரண்டாண்டுக்கு ஒரு முறை லாஸ் வேகஸ் போகிறேன். பெரிய காசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் என்ற சாலையின் பளபளப்புக்கு நடுவே தங்காமல், சற்றுத் தள்ளி உள்ளூர்க்காரர் வந்து ஆடும் ஆர்லியன்ஸ் விடுதியில் மலிவான அறை. பெல்லாஜியோவுக்கும் வின்னுக்கும் மாலையில் டாக்சி. வெளிநாட்டுக்குப் பயணமாகக் கையில் எடுத்துச் செல்லும் ரொக்கத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு 3,000 டாலர். 300 டாலர் பை-இன் கணக்கில் அது சரியாகப் பத்து முறைக்கு வரும். பத்து உறைகளில் போட்டு, மேலே நாள் எழுதி, அறைப் பெட்டகத்தில் வைக்கிறேன். ஒரு நாளில் இரண்டு உறை காலியானால் அன்றைக்குப் பெல்லாஜியோவின் நீரூற்றைப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.