சென்னை வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி: எங்க மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தப்போ

மணி எங்க 6 வயசு நாட்டு நாய். திடீர்னு மூக்குல ரத்தம், ஈறெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. பக்கத்துல ஒரு தனியார் கிளினிக்ல மூணு நாள் ட்ரிப்ஸ் போட்டே 18,000 கறந்துட்டாங்க, ரத்த டெஸ்ட் கூட எடுக்கல. அப்புறம் ஆட்டோல தூக்கிட்டு வேப்பேரி ஓடினோம், டாக்டரம்மா முதல்ல காதை மடக்கி உண்ணி இருக்கான்னுதான் பாத்தாங்க, டெஸ்ட்ல எர்லிச்சியான்னு உண்ணி மூலமா பரவுற கிருமி, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் வெறும் 22,000. அங்க நாய்க்குன்னே ரத்த வங்கி இருக்குங்க, எனக்கே புதுசு! செலவும் கிளினிக்ல அழுததுல கால்வாசி கூட வரல. டாக்ஸிசைக்ளின்னு ஆன்டிபயாட்டிக் மாத்திரை 28 நாள், பால் தயிரோட குடுக்கக்கூடாதாம், இவனோ தயிர்சாதப் பைத்தியம், கோழி ஈரல்ல ஒளிச்சு வச்சுதான் ஏமாத்தினேன். நேத்து தபால்காரரைப் பாத்து குரைச்சான், வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்.