பூலாம்பட்டி படகுத்துறை: போகலாமுங்களா?

தாராளமா போகலாமுங்க. ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி ஆத்துல தண்ணி நிக்குதான்னு கேட்டுக்கோங்க. சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டைக்கும் நடுவால காவேரியைத் தாண்டுற விசைப்படகைத்தான் சொல்றேன். இங்க ஆறு இத்தனை அகலமா, ஏரியாட்டம் நிக்கறதுக்குக் காரணம் கதவணை. மேட்டூருக்குக் கீழ மின்சாரத்துக்காக வரிசையாக் கட்டின கதவணைகள்ல இது ஒண்ணு. ஒவ்வொண்ணும் 30 மெகாவாட். பராமரிப்புக்குன்னு கதவைத் தூக்கிட்டாங்கன்னா தண்ணி வடிஞ்சு பாறை தெரியும், படகு கரையில கட்டிக் கெடக்கும். மேட்டூர்ல உபரித்தண்ணி திறந்தாலும் நிறுத்திருவாங்க.

லண்டன்ல இருக்கற எங்கக்கா பையன் தேம்ஸ் ஆத்துப் பெருமையை நிறுத்த மாட்டான். அங்க கடலோட ஏத்த எறக்கத்துல தண்ணி 7 மீட்டர் வரைக்கும் மாறுதாமா. 1894ல திறந்த டவர் பிரிட்ஜ், உசரமான கப்பல் வந்தா நடுவால பிளந்து வழி விடும். அதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே எழுதிக் கேக்கோணும். அவனுக்குப் பாலத்தைத் தூக்கினா வழி திறக்குது, நமக்குக் கதவைத் தூக்கினா வழி அடைபடுது!

சாயங்காலம் ஏறுங்க, பாலமலைப் பக்கம் பொழுது எறங்கறது அத்தனை அழகு. எஞ்சின் சத்தத்துல பேச்சு மட்டும் காதுல விழுகாது. மிதவைச் சட்டையை செல்ஃபிக்காகக் கழட்டற ஆளுங்களைப் பார்த்தாத்தான் எரிச்சலா வருது. கரையில மீன் வறுவல் சூடா, காரம் தூக்கலா இருக்கும்; ஞாயித்துக்கெழமை போனா அதுக்கும் வரிசைதானுங்க.